தூரியில் பழகிய கப்பல்

என் கூறைச்சேலையில் வாந்தி எடுத்தவள் என் நாத்தனார். அதுவும் கல்யாணமான அன்றைக்கே. மாதா கோவிலில் தாலி கட்டி, பூசை முடிந்து, கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை ஊருக்கு என்னை வண்டியில் ஏற்றினார்கள். புதுப்பெண்ணுக்குத் துணையாக மாப்பிள்ளையின் தங்கை பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அங்கே முறை. உட்கார்ந்தாள். பதினேழு வயது, ஒல்லிக்குச்சி உடம்பு, நெற்றியெல்லாம் வியர்வை. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். "ஏனுங்க நங்கை, உங்க ஊட்டுல எத்தனை மாடுங்க?" என்று ஆசையாகக் கேட்டவள், நான் வாயைத் திறப்பதற்குள் என் மடியில் கவிழ்ந்துவிட்டாள். அவ்வளவுதான், பட்டுச்சேலை நாசம்.

எனக்கு அழுவதா, அவளைப் பிடித்து நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியவில்லை. அவளோ வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வாய்க்காலில் வாய் கொப்பளித்து, என் சேலையையும் முடிந்தவரை அலசிப் பிழிந்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து சிரித்தாள். "ஆச்சுங்க நங்கை. இனிப் போலாமுங்க." அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. புதுப்பெண் தலைகுனிந்து இறங்காமல் கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டு இறங்கினாள் என்று அந்த ஊரில் வெகுநாள் பேச்சு.

இதில் கூத்து என்னவென்றால் என் மாமனார் வண்டிக்காரர். இரட்டைமாட்டு வண்டி வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் பஞ்சும் தேங்காயும் ஏற்றிப் பிழைத்தவர். அவர் மகளுக்கு வண்டி ஆகாது. வண்டி மட்டுமா? ரயில் ஆகாது, மோட்டார் பஸ் ஆகாது. நடுவாசலில் பம்பரம் சுற்றுவதை உற்றுப் பார்த்தாலே அவளுக்குக் கண் சொருகும். "ஊருச் சனத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறேன். என்ற மகளை ஏத்தினா மட்டும் வழியெல்லாம் வாசல் தெளிச்சுக்கிட்டு வாரா" என்று மாமனார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் எந்த வண்டி எங்கே கிளம்பினாலும் முதலில் ஓடிப்போய் ஏறி உட்காருகிறவளும் அவள்தான். சந்தைக்கா, சாவுக்கா, எதுவும் கேட்கமாட்டாள். பாதி வழியில் இறங்குவாள், குனிவாள், வாயைத் துடைப்பாள், ஏறுவாள். "ஆச்சுங்க, இனிப் போலாமுங்க."

இப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான் கடல் தாண்டிப் போகச் சொல்லி ஆண்டவர் அழைப்புக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் மடத்திலிருந்து வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் எங்கள் கோவிலுக்கு வந்தார். மடத்துத் தலைவி; எல்லோரும் அவரை மதரம்மா என்றார்கள். பர்மாவில் தங்கள் சபை நடத்துகிற குஷ்டரோகிகள் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பூசைக்குப் பிறகு பேசினார். அங்கே பிழைக்கப் போன தமிழ்ச் சனங்களும் நோயில் கிடக்கிறார்கள், அவர்கள் பேச்சில் அவர்களிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை என்றார். நாங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். ராகிக்களியைப் பிட்டு வாயில் போடும்போது என் நாத்தனார், இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்கிற குரலில் சொன்னாள்:

"நான் பர்மாவுக்குப் போறேனுங்க."

மாமனார் கையிலிருந்த களி கையிலேயே நின்றது. "பர்மா எங்க இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கமுங்க."

"கடலைக் கண்ணுல பார்த்திருக்கியா?"

"இல்லீங்க. நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவரும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யாருமே பார்த்ததில்லை. அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

என் மாமியார் மட்டும் விடவில்லை. தன் அண்ணன் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவு செய்து வைத்திருந்தவர். அன்றிலிருந்து மகளோடு நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். மகள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்து, "கண்ணு, அந்தப் பர்மாக்காரியைத் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு" என்பார். அவளும் என்னைப் பார்த்து, "நங்கை, இதோ போறேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்பாள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

கிணற்றடியில் துணி துவைக்கும்போது நான் அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று.

"தொடறதுக்கு ஆளில்லாம கெடக்கறாங்களாமா நங்கை. புண்ணைக் கழுவிவிட ஆளில்லையாமா. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சித்தெ நேரம் உக்கார முடியலீங்க. கையெல்லாம் துறுதுறுங்குது."

"மாட்டுவண்டியில போனாலே கொடலைக் கக்கறே. புண்ணைப் பார்த்தா வாந்தி வராதா?"

"அது வராதுங்க. நகர்றதைப் பார்த்தாத்தான் வருது."

அது நிஜம். மாமனாரின் மாட்டுக்குக் கழுத்தில் நுகத்தடிப் புண் வந்து புழு வைத்தபோது நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவள்தான் மாட்டின் காதில் ஏதோ கதை பேசிக்கொண்டே ஒவ்வொரு புழுவாக எடுத்துப் போட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். மாடு அசையாமல் நின்றதே பெரிய அதிசயம்.

கொஞ்ச நாளில் எங்கள் பங்குச் சாமியார் மாமனாரைக் கூப்பிட்டுவிட்டார். "மதரம்மா உங்க மகளைப் பத்தி விசாரிச்சாங்க. மொதல்ல குன்னூர் மலை மேல இருக்கற மடத்துக்குக் கூட்டிட்டுப் போயி வெச்சுப் பார்ப்பாங்களாமா. சரிப்பட்டு வந்தாச் சேத்துக்குவாங்க" என்று சொல்லி அனுப்பினார். சாமியார் சொன்னது இவ்வளவுதான். மாமனார் வீட்டுக்கு வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதற்கு உரை சொன்னார்.

"கோயமுத்தூருலயே மடம் இருக்குது. அப்பறம் எதுக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க? வளைவுக்கு வளைவு பஸ்ஸு சுத்தும். அதுல தாங்கறாளான்னு பார்க்கறதுக்குத்தான். தாங்கினாத்தான் கப்பல்ல ஏத்துவாங்க. மாட்டை வண்டியில பூட்டி ஓட்டிப் பார்க்காம யாராச்சும் வாங்குவாங்களா?"

எங்கள் எல்லோருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. வண்டிக்காரர் வீட்டில் வேறு எப்படி யோசனை போகும்?

அதுவரை போகக்கூடாது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர் அன்றோடு மாறிவிட்டார். பரீட்சை என்று வந்துவிட்டதே! "என்ற ஊட்டுல இருந்து போன உருப்படி பாதி வழியில படுத்துருச்சுன்னு ஒருத்தன் சொல்லப்படாது" என்று, வண்டிக் கயிற்றை எடுத்துப் போய் வாசல் வேப்பமரத்தில் தூரி கட்டினார். எங்கள் ஊரில் ஊஞ்சலைத் தூரி என்போம். அவளை அதில் உட்கார வைத்து இரண்டு கையாலும் தள்ளினார். "அலை வருது பாரு! கெட்டியாப் புடிச்சுக்கோ! இந்தா, இன்னொண்ணு வருது!" அலை எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மரத்துக் காக்கைகளெல்லாம் கத்திக்கொண்டு பறந்தன. அவள் அந்தரத்தில் சிரித்துக்கொண்டே அலறுவாள், கீழே வந்ததும் ஓடிப்போய்ச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் குனிவாள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறுவாள்.

தூரி போதாது என்று அடுத்த தெருச் செக்குக்குக் கூட்டிப் போனார். பாரம் வைக்கிற மரத்தில் அவளை ஏற்றி உட்கார்த்தி மாட்டை ஓட்டச் சொன்னார். "எனக்கென்னுங்க, கல்லுக்குப் பதிலா இந்தப் புள்ளை உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார் செக்குக்காரர். கடலை எண்ணெய் வாசத்தில் அவள் சுற்று சுற்றென்று சுற்றினாள். எனக்கு வேலை, செம்பில் தண்ணீரும் எலுமிச்சங்காயும் இடித்த இஞ்சியும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பது. மாமனார் இல்லாத நேரத்தில் நானும் தூரியில் ஏறினேன். அவள் தள்ளினாள், நான் கத்தினேன், இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தோம். கல்யாணமானவள் ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் பர்மாவுக்குப் போகிறேன் என்று நினைத்தார்களோ என்னமோ. அந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவள். அவள் தேறிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் ஒரு ஆசை எனக்கு இருந்ததும் உண்மைதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். கையில் எப்போதும் செபமாலை உருளும், வாயில் ஊர்க்கதை உருளும். புருஷன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது; வயது அறுபதுக்குக் குறையாது. தட்டுப்போருக்குப் பின்னால் என் நாத்தனார் குனிந்திருந்ததை அந்தப் பெரியம்மா பார்த்துவிட்டார். மறுநாள் கோவிலுக்குள் போவதற்கு முன்பே கதை எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது. "கல்யாணமாகாத புள்ளை போருக்குப் பின்னால ஓங்கரிக்கறா, கையில எலுமிச்சங்காயி. ஆறு பெத்தவ நானு, எனக்குத் தெரியாதா? மூணு மாசம் இருக்கும். தூரியில ஆட்டறதும் செக்குல சுத்தவிடறதும் எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஒண்ணும் சரிவராமத்தான் பர்மாவுக்கு ஏத்தியுடறாங்க."

இது சும்மா போகிற பேச்சா? மாமியாரின் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்து, எங்கள் பையனுக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. சாமியார் மாமனாரைக் கூப்பிட்டார். "எனக்கு உங்க மகளைத் தெரியும். ஆனா இந்தப் பேச்சு இருக்கறப்ப மதரம்மாகிட்ட எந்த முகத்தோட அனுப்புவேன்? பயணத்தை நிறுத்தி வெப்போம்" என்றார். மாமனார் வீட்டுக்கு வந்து தூரியை அவிழ்த்துச் சுருட்டினார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அந்தப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பில்லாததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"என்னைப் பேசினாப் பேசிட்டுப் போகட்டுங்க நங்கை. பர்மா போச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அன்று முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டு, "தேர்த்திருவிழாவுக்கு ராட்டினம் வருதுங்களா?" என்று கேட்டாள். மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

திருவிழாவுக்கு ராட்டினம் வந்தது. நாலு மரத்தொட்டில் தொங்க, இரண்டு ஆட்கள் கையால் சுற்றுகிற ராட்டினம். கோவில் வாசல் முழுக்கச் சனம். என் நாத்தனார் நேரே பெரியம்மாவிடம் போய்க் கைகட்டி நின்றாள்.

"ஏனுங்க பெரியம்மா, ராட்டினத்துல ஏறலாமுங்களா? தனியா ஏற எனக்குப் பயமாயிருக்குதுங்க. நீங்க கூட வந்தாத் தெகிரியமா இருக்கும்."

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்பாரா? "சின்ன வயசுல நான் ஏறாத ராட்டினமா? வா" என்று செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். ராட்டினக்காரர்கள் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். என் மாமனார் எங்கிருந்தோ வந்து, "என்னப்பா எருமை மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி சுத்தறீங்க? தள்ளுங்க" என்று தானே கைவைத்தார். தொட்டில் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. "சேசுவே, மாதாவே, சூசையப்பரே" என்று பெரியம்மா வரிசையாக எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டார். பிறகு சத்தமே வரவில்லை.

இறக்கிவிட்டதும் பெரியம்மா நாலு அடி தள்ளாடி நடந்து, கொடிமரத்துக்கு அருகில், சாமியார் கால் அருகிலேயே, குனிந்தார். பக்கத்திலேயே என் நாத்தனாரும் குனிந்தாள். அவள் பழக்கப்பட்டவள், சீக்கிரம் முடித்துக்கொண்டாள். பெரியம்மாவின் நெற்றியைப் பரிவாகப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டாள்:

"எனக்கு மூணு மாசம்னு சொன்னீங்களாமா. உங்களுக்கு எத்தனை மாசமுங்க பெரியம்மா?"

முதலில் சிரித்தவர் சாமியார். அங்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு கேட்க வேண்டுமா? மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பெரியம்மாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அடிப் பாதகத்தி, என்னைக் கொல்லப் பாத்தியே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் தானும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் வீடு வீடாகப் போய், "அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. அது வெறும் சுத்தற வாந்திதான். நானே எடுத்துப் பார்த்துப்போட்டேன்" என்று சாட்சி சொன்னவரும் அவர்தான்.

பயணம் மறுபடி ஏற்பாடானது. வீட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு வரட்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். மேட்டுப்பாளையத்தில் மதரம்மாவோடு பஸ் ஏறினோம். முதல் வளைவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதில் என் கையைக் கிள்ளினாள். மூன்றாவதில் தூரி, செக்கு, ராட்டினம், இஞ்சி எல்லாம் வீணாய்ப் போயிற்று. பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து ஏறினாள். அடுத்த வளைவிலும் அதே கதை. பஸ்காரர் திட்ட ஆரம்பித்தார். போச்சு, பர்மா போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, அவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, வேண்டாம், அவளை அனுப்பிவிடு என்று அந்த இடத்தில்தான் வேண்டிக்கொண்டேன்.

மதரம்மா சீட்டுக்கு அடியில் குனிந்து வாய் அகன்ற ஒரு எனாமல் பேசினை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் பேசியது புத்தகம் பார்த்துப் படித்த தமிழ். "இதை வைத்துக்கொள், குழந்தாய். அடுத்த வளைவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கும் வேண்டும்."

நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம். கப்பலில் ஏற்றுவதற்கு முன் நடக்கிற பரீட்சையைப் பற்றி நான் உளறிக் கொட்டினேன், மாடு வாங்குகிற கதை உட்பட. மதரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் என் ஊரிலிருந்து வந்தபோது கப்பலில் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை, அம்மா. இந்தப் பேசின்தான் என்னோடு வந்த சொத்து."

"அப்ப மலைக்கு எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"எங்கள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேண்டும். தோண்டும்போது ஒரு பெண்ணின் குணம் நன்றாகத் தெரியும்."

சில நாள் கிழங்கு தோண்டவைத்துப் பார்த்து, அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமனார் வெகுநேரம் நம்பவில்லை. "அப்ப ஓட்டிப் பார்க்காமயே வாங்கிப்போட்டாங்களா!" என்றார். மகள் தேறியதற்குச் சந்தோஷப்படுவதா, இத்தனை பாடுபட்டுப் பழக்கியது வீணாகிவிட்டதே என்று வருத்தப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் மடத்தில் சேர்ந்து, படித்து, வெள்ளை உடுப்புப் போட்டு, சில வருஷம் கழித்துப் பர்மாவுக்குப் புறப்பட்டாள். போத்தனூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட எல்லோரும் போனோம். அன்று எல்லோரையும்விடக் கலகலப்பாக இருந்தவர் என் மாமியார். மகளிடம் நேரிலேயே பேசினார். முறுக்கு மூட்டையைக் கொடுத்து, "கப்பல்காரனுக்கும் ரெண்டு குடு, வாந்தியெடுத்தாத் திட்டமாட்டான்" என்று கேலி பண்ணினார். பிளாட்பாரத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "என்ற மக, பர்மாவுக்குப் போறாளுங்க" என்றார்.

வழியனுப்ப வந்திருந்த இன்னொரு கன்னியாஸ்திரியிடம், அவள் எப்போது லீவில் வருவாள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "வர்றதா? எங்க சபையில போனாப் போனதுதாம்மா. அங்கேயே ஊழியம், அங்கேயே அடக்கம். சேரும்போதே சொல்லித்தான் சேர்க்கறோம்" என்றார் அவர்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொதல்லயே தெரியுமுங்க நங்கை," என்றாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. தாங்கமாட்டாங்க."

அவளை ஜன்னல் வழியாகவே பிடித்து இழுத்து இறக்கிவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. விரல்களைப் பிடித்துக்கொண்டு ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு விரல் நழுவிவிட்டது.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்று கையை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய், "அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்துருவாளாமுங்க அத்தை" என்றேன்.

"எனக்கு எதுக்குக் கண்ணு பொய் சொல்றே? வரமாட்டான்னு அவ மடத்துல சேர்ந்த அன்னைக்கே சாமியாருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்." கை இன்னும் ஆடிக்கொண்டேயிருந்தது. "நான் ஒரு சொட்டு அழுதிருந்தா அவ எறங்கிப்போட்டிருப்பா. எனக்குப் பார்வை மங்கல், சரியாத் தெரியலை. பார்த்துச் சொல்லு, வண்டி போயிருச்சா?"

எட்டிப் பார்த்தேன். புகைகூட இல்லை.

"போயிருச்சுங்க அத்தை."

"அவ எட்டிப் பார்த்தாலும் நம்மளைத் தெரியாதில்ல?"

"தெரியாதுங்க."

அதற்குப் பிறகுதான் அவர் கையை இறக்கினார். அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார்.